நேரோட்டமும் திரும்போட்டமும்

ஓடிய தூரத்தை அளந்து ஒருவன் உழைப்பைக் கணிப்பது நம்மிடையே வழக்கமாயிருக்கின்றது. நெடுந்தூரம் ஓட வல்ல நம் தோழன் ஒருவன், 20 மீட்டர் இடைவெளியிட்ட இரு கோடுகளிடையே ஓடி மீளும் பயிற்சியில் விரைவில் இளைத்துவிட்டான். சோம்பன் என்று அவனை நகைத்தோருள் நாமும் இருந்தோம். அது பிழையென்பதைப் பின்னர்க் கணக்கிட்டே உணர்ந்தோம்.

சமதரையில் நேரே சீராக ஓடுவோன், தன் எடையில் ஒவ்வொரு கிலோகிராமையும் ஒரு கிலோமீட்டர் கொண்டு செல்ல ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவிடுகின்றான். வேகம் மிகினும் குறையினும் இவ்வளவு பெரிதும் மாறாது என்பதை இத்தாலிய உடலியலறிஞர் மார்காரியாவும் அவர் துணைவரும் 1963-இல் காட்டினர். எனவே 60 கிலோகிராம் எடையுள்ளவனுக்குக் கிலோமீட்டருக்கு 60 கிலோகலோரி போதும்.

நிற்க. அவனே நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடிவந்து திரும்புவானாயின், அவன் உடலிலுள்ள இயக்க ஆற்றல் 750 ஜூல். அதனை முற்றும் அழித்தாலன்றித் திரும்புதல் இயலாது. மீண்டும் ஆக்கினாலன்றி முன்போல் ஓடுதலும் இயலாது. தசையோ தான் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கையே வேலையாக்க வல்லது. ஆகவே திரும்பிப் புறப்படுந்தோறும் 3000 ஜூல், அஃதாவது முக்கால் கிலோகலோரிக்குச் சற்றே குறைவாக, வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குத் திருப்பங்கள் 49 அல்லவா? மிகுதிச் செலவு 35 கிலோகலோரி! தசைநாண்கள் வில்லைப்போலச் சிறிது ஆற்றலைத் திருப்பித் தருமாதலின் இத்தொகை ஓரளவு குறையலாம். ஆயின் நிறுத்துதற்குரிய செலவை நாம் சேர்க்கவேயில்லை.

நிறுத்துங்கால் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே இழுக்கின்றது. அதற்கு ஆற்றல் சிறிதே வேண்டும், நோவோ பெரிது. மறுநாட் காலை நம் தோழன் விடுதிப் படிகளில் கைப்பிடியைப் பற்றிப் பற்றி இறங்கியதும் அதனாலேயே. அப்போதும் நாம் நகைத்தோம்.