அணுவும் அதன் அயலும்

'மரம்' என்னுஞ் சொல் வேரோடு புணரின் மரவேர் ஆகும். கிளையோடு புணரின் மரக்கிளை ஆகும். சொல்லின் முதல் நிலைத்திருக்க, வருமொழிக்கேற்ப அதன் ஈறே விகாரப்படுகின்றது. இலக்கணம் பயிற்றும் நாம் நன்கறிந்த இவ்வொழுங்கையொத்த ஒன்றை, உலோகச் சேர்வைகளிலும் எக்சுக்கதிர்ப் புளோரொளிர்வு காட்டுகின்றது.

புளோரொளிர்வு யாது? வன்மையான எக்சுக் கதிர் ஒரு பொருளின்மேற் படுங்கால், அணுவின் உள்ளோட்டிலுள்ள இலத்திரன் ஒன்று வெளியே தள்ளப்படும். அவ்வெற்றிடத்தை நிரப்ப வெளியோட்டு இலத்திரன் ஒன்று உள்ளே வீழும். இரு நிலைகளுக்கும் இடையேயுள்ள சத்தி வேறுபாடு புதிய எக்சுக் கதிராக வெளிப்படும். அண்மையோட்டிலிருந்து வீழ்வதாற் பிறப்பது அல்பாக் கோடு. அதற்கு அப்பாலிருந்து வீழ்வதாற் பிறப்பது பீற்றாக் கோடு.

அல்பாக் கோடு அணுவின் பெயரைச் சொல்லும். சேர்வை மாறினும் அது பெரும்பாலும் மாறாது. 1913 இல் மோசிலி என்னும் ஆங்கில அறிஞர், கல்சியம் முதல் நாகம் வரையுள்ள பத்து மூலகங்களை இலத்திரன்களால் மோதி ஆராய்ந்தார். அவை தரும் கதிரின் அதிர்வெண்ணது வர்க்கமூலம் அணுவெண்ணோடு ஒழுங்காக உயர்தலைக் கண்டார். அணுநிறையில் நிக்கலை விஞ்சும் கோபாற்று, அட்டவணையில் நிக்கலுக்கு முன்னிற்றல் முறையே என்பதும் அதனால் விளங்கிற்று. கோபாற்றின் அல்பாக் கோடு 6.93 கிலோ இலத்திரன் உவோற்று, நிக்கலினது 7.48. அம்மேதை 1915 இல், தமது 27 ஆம் வயதில், கலிப்பொலிப் போர்க்களத்தில் மாண்டமை அறிவுலகின் பேரிழப்பாம்.

பீற்றாக் கோடோ, தாண்டல் மூலகங்களில், அணுவின் சோடியற்ற இலத்திரன்களுக்கேற்ப வடிவு மாறும். அதனருகே மிக மங்கலான துணைக்கோடு ஒன்றும் உண்டு. அது அயலணுவுக்குரிய இலத்திரன் உலோகத்தின் உள்வெற்றிடத்தில் வீழ்வதாற் பிறப்பது. ஒட்சிசன் தன் இலத்திரனை இறுகப் பற்றும். நைதரசன் அதனிற் குறைவாகவும், காபன் இன்னுங் குறைவாகவும் பற்றும். ஆதலின் காபன் தருங் கோடு சத்தி மிக்கது. ஒட்சிசன் தருவது சத்தி குறைந்தது. அயலார் யாரென்பதை இக்கோடு சொல்லிவிடும்.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறிவோம். தொழிற்சாலைகள் ஏறத்தாழ 400 பாகை செல்சியசு வெப்பத்திலும் பேரமுக்கத்திலும் நைதரசனை அமோனியாவாக்குகின்றன. அவரையின வேர்முடிச்சுக்களில் வாழும் பற்றீரியாக்கள் அத்தொழிலை மண்ணின் குளிர்ச்சியிலேயே முடிக்கின்றன. அதற்குதவும் நொதியத்தின் மையத்தில் 7 இரும்பணுக்களும், 9 கந்தக அணுக்களும், ஒரு மொலிப்டின அணுவும் உள. அவற்றின் நடுவே இலேசான ஓர் அணு ஒளிந்திருத்தலைப் பளிங்காய்வு 2002 இற் காட்டிற்று. அது காபனோ, நைதரசனோ, ஒட்சிசனோ எனத் துணிதல் அரிதாயிற்று. 2011 இல் லங்காஸ்டர், டிபியர் முதலியோர் இரும்பின் துணைக்கோட்டை அளந்து, அது காபனே என நிறுவினர். அதே ஆண்டில் மேலும் நுண்ணிய பளிங்காய்வும் அதனை உறுதிப்படுத்திற்று.

ஒன்பதாண்டு நீடித்த ஐயத்தைத் தீர்த்தது ஒளிமிக்க கோடன்று, மங்கிய கோடே. ஆய்வுத்துறை புகும் எம் மாணாக்கர், சிறியதென எதனையுந் தள்ளாது நோக்கும் பழக்கத்தைக் கைக்கொள்வாராக.