வண்ணப் புடைப்பச்சில் துருக்கிய நூலுடைமைச் சீட்டு

கேள்வி: துருக்கியக் கலைஞர்கள் படைக்கும் வண்ண 'எக்ஸ்லிப்ரிஸ்' என்பது யாது? அது எவ்வாறு அச்சிடப்படுகிறது?

பதில்: நூலின் அட்டை உட்புறத்தில் ஒட்டப்பட்டு, உடைமையாளரின் பெயரையும் அவருக்கு உகந்த ஓவியத்தையும் தாங்கும் சிறு அச்சுப்படமே எக்ஸ்லிப்ரிஸ் ஆகும். துருக்கியில் இக்கலை வேரூன்ற ஓவியர் ஹசிப் பெக்தாஷ் பெரிதும் உழைத்தார். 2010-இல் பன்னாட்டு எக்ஸ்லிப்ரிஸ் மாநாடு இஸ்தான்புல்லில் நடைபெற்றது. இச்சீட்டுகளை அச்சிடும் முறைகளுள் ஒன்றான புடைப்பச்சில், மை படவேண்டாத பகுதிகள் செதுக்கி நீக்கப்பட, மேடாக எஞ்சும் பரப்பே தாளில் பதிகிறது. ஒரே லினோலியத் தகட்டில் பல வண்ணம் பெற விரும்பும் கலைஞர், வெளிர்நிறத்தை முதலில் அச்சிட்டு, அது நிலைக்கவேண்டிய இடங்களைச் செதுக்கியெடுத்த பின், அடர்நிறத்தை அதன்மேல் பதிக்கிறார். தகடு படிப்படியாக அழிவதால், ஒவ்வொரு நிறத்திலும் எல்லாப் படிகளையும் அச்சிட்ட பின்னரே அடுத்த செதுக்கல் தொடங்கும். படியின் ஓரத்தில் பொறிக்கப்படும் 'எக்ஸ் 3' என்னும் பன்னாட்டுக் குறியீடு லினோ அச்சைக் குறிப்பதாகும். சேகரிப்போர் முதலில் நோக்கத்தக்கது அதுவே.