தோளும் இடுப்பும்

சென்ற ஆண்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றின் கூலிப் பதிவேட்டைச் சரிபார்த்துக் கொண்டிருந்தோம். உறுப்பினர் ஒருவரின் பெயருக்கு நேரே இருந்த எண்கள் நம் கருத்தை ஈர்த்தன. தை மாதத்தில் எட்டுச் சேலைகள் நெய்து கொடுத்தவர், பங்குனியில் ஆறும், வைகாசியில் நான்கும், ஆடியில் மூன்றுமே கொடுத்திருந்தார். நூல் உரிய காலத்தில் வழங்கப்பட்டிருந்தது; பாவுக்கும் குறைவில்லை.

அவரை அழைத்து வினவினோம். "வயதாகிவிட்டது ஐயா, வேறொன்றுமில்லை" என்றார். வயதோ நாற்பத்தெட்டுத்தான். வலக்கையைப் பக்கவாட்டில் உயர்த்துமாறு வேண்டினோம். தோளளவுக்கு வந்ததும் அவர் முகம் சுருங்கியது. கை அதற்கு மேல் எழவில்லை. ஏன் முன்னரே தெரிவிக்கவில்லை என்று கேட்டோம். "சொன்னால் அடுத்த பாவு தரமாட்டார்களோ என்று அஞ்சினேன்" என்றார்.

பதிவேட்டிற் கண்ட குறைவு ஒரு மூட்டிலே தொடங்கியிருந்தது. தறியின் உறுப்புகளையும் ஏரின் உறுப்புகளையும் நன்கறிந்த நாம், அவற்றை இயக்கும் கைகால்களின் அமைப்பை அறியாதிருத்தல் தகுமோ? ஆதலின் இம்மாதப் பாடமாக அதனை எடுத்துக் கொண்டோம்.

வளர்ந்த மனிதனின் உடலில் 206 எலும்புகள் உள்ளன. அவற்றுள் 126 கைகால்களையும், அவற்றை உடலோடு இணைக்கும் தோள், இடுப்பு ஆகியவற்றையும் சேர்ந்தவை. ஒரு பக்கக் கையின் கணக்கு வருமாறு: காறை எலும்பு 1, தோள்பட்டை எலும்பு 1, மேற்கை எலும்பு 1, முன்கை எலும்புகள் 2, மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14, ஆக 32. ஒரு பக்கக் காலின் கணக்கு: இடுப்பெலும்பு 1, தொடை எலும்பு 1, முழங்காற்சில்லு 1, கீழ்க்கால் எலும்புகள் 2, கணுக்காலிலும் குதிகாலிலுமாக 7, பாதத்தில் 5, விரல்களில் 14, ஆக 31. இரு பக்கமும் கூட்டின் 126 சரியாக வரும்.

எலும்புகள் கூடுமிடமே மூட்டு. முழங்கை கதவின் கீலைப் போல் மடங்கி நிமிரும். தோளும் இடுப்பும் அவ்வாறன்று. கிண்ணத்தில் உருளும் பந்தைப் போன்றவை. எலும்பின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கும். இடையே ஊறும் நீர், வண்டி அச்சுக்கு இடும் எண்ணெய் போல் உராய்வைத் தடுக்கும்.

இரண்டும் பந்துக்கிண்ண மூட்டே எனினும் வேறுபாடு பெரிது. தோளின் கிண்ணம் அகல்விளக்கைப் போல் ஆழமற்றது. மேற்கை எலும்பின் தலையோ அதைவிடப் பெரிது. ஆகவேதான் கையை எத்திசையிலும் சுழற்ற முடிகிறது. எலும்பு வழியாகப் பார்ப்பின், கை முழுவதும் உடலின் நடுப்பகுதியோடு சேர்வது காறை எலும்பு ஒன்றினால்தான். மூட்டின் பந்தைக் கிண்ணத்தில் இருத்தி வைப்பவை, அதனைச் சூழ்ந்த நான்கு தசைகளும் அவற்றின் நாண்களுமே. இடுப்பின் கிண்ணமோ ஆழமானது; உடலின் மிக நீண்ட எலும்பாகிய தொடை எலும்பின் தலை அதனுள் அமிழ்ந்து கிடக்கிறது. அதைச் சுற்றியுள்ள இணைப்பு நார்கள் மிகவும் வலியன. சுருங்கக் கூறின், தோள் ஓட்டத்திற்காக உறுதியை விட்டுக் கொடுத்தது. இடுப்பு உறுதிக்காக ஓட்டத்தை விட்டுக் கொடுத்தது. இவ்வொன்றை நினைவிற் கொண்டால் ஏனைய யாவும் விளங்கும்.

முதலில் தோளைக் காண்போம். ஐந்தரை மீட்டர் சேலையில் அங்குலத்திற்கு 60 ஊடை எனக் கொள்வோம். அச்சேலை முடிய நாடா ஏறத்தாழ 13,000 முறை ஓடவேண்டும். கையும் அத்தனை முறை கயிற்றை இழுக்க வேண்டும். தோளின் தசைநாண் ஒன்று, தோள்பட்டை எலும்பின் கூரை போன்ற முனைக்குக் கீழே செல்கிறது. கையை உயர்த்துந்தோறும் அவ்விடை குறுகி, நாண் நெருக்குண்ணும். நம் உறுப்பினரின் தறியில் கயிற்றின் பிடி முகத்திற்கு மேலே தொங்கியது. அவர் கையை உயர்த்தியே இழுத்து வந்தார், நாண் வீங்கியது. கயிற்றை நீட்டி, முழங்கை விலாவை ஒட்டியிருக்குமாறு பிடியைத் தாழ்த்தினாலே பெரும்பகுதி உரசல் நீங்கும்.

வலி கண்டபின் கையைக் கட்டிப் போட்டு மாதக்கணக்கில் அசையாதிருத்தலும் தவறு. மூட்டின் உறை சுருங்கித் தோள் இறுகிவிடும். நீரிழிவு உடையோர்க்கு இந்நிலை மிகுதியாக வரும். முன்னே குனிந்து, வலிக்கும் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, கடிகார ஊசல் போல் மெல்ல ஆட்டுதல் எளிய பயிற்சி. மருத்துவரைக் கலந்து அதனைச் செய்க.

இனி இடுப்பு. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் சிறிது நேரம் ஒரு காலிலேயே நிற்கிறோம். அப்போது உடலின் எடை மூட்டுக்கு ஒரு புறத்தே தொங்க, மறுபுறத்துத் தசைகள் அதனை இழுத்துச் சமன் செய்கின்றன. துலாக்கோலின் குட்டையான பக்கத்தில் நின்று இழுப்பதால் அவை மிகுந்த வலிமையோடு இழுக்க வேண்டியுள்ளது. எனவே மூட்டின்மேல் விழும் பாரம் உடல் எடையைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு ஆகும். அறுபது கிலோ எடையுள்ளவரின் இடுப்பு 150 கிலோவுக்குக் குறையாமல் தாங்குகிறது.

இதிலிருந்து உழவர்க்கு இரு படிப்பினைகள் உண்டு. இருபது கிலோ உரத்தை ஒரே கையில் தூக்காமல், பத்துப் பத்தாக இரு கைகளிலும் பிரித்துச் சுமக்கவேண்டும். ஒரு கைச் சுமை எதிர்ப்பக்க இடுப்பை வருத்தும். இடுப்பில் வலி உடையவர், ஊன்றுகோலை நலமான பக்கத்துக் கையில் பிடிக்கவேண்டும். பலர் வலிக்கும் பக்கத்திலேயே பிடிக்கின்றனர். அதனாற் கிடைக்கும் பயன் சிறிது. மற்றொன்றும் அறிக: இடுப்பு மூட்டின் நோய் சிலபோது முழங்காலில் வலியாகத் தோன்றும். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துப் பயனில்லையெனில் இடுப்பையும் சோதிக்கச் செய்க.

நெசவாளர் குழித்தறியில் நெடுநேரம் இடுப்பு மடங்கியே அமர்ந்திருப்பர். மணிக்கு ஒருமுறை எழுந்து, நிமிர்ந்து, பத்தடி நடந்து வருதல் நன்று.

வீட்டு முதியோரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வயது முதிர, சிறப்பாகப் பெண்களுக்கு, எலும்பின் திண்மை குறைகிறது. வழுக்கி விழுந்த மூதாட்டியின் கால் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பியிருந்தால், தொடை எலும்பின் கழுத்து முறிந்திருக்கலாம். நீவுதலும் இழுத்தலும் எழுப்பி நிறுத்துதலும் கூடா. அசையாமற் படுக்கவைத்து 108 ஊர்தியை அழைக்கவேண்டும். அறுவை மருத்துவம் செய்து விரைவில் நடக்கச் செய்வதே இன்றைய முறை. பல மாதங்கள் படுக்கையிற் கிடத்தினால் படுக்கைப்புண்ணும் நுரையீரற் காய்ச்சலும் உயிரையே வாங்கும்.

தோள் நழுவியவரையும் இவ்வாறே கருதுக. கையை இழுத்துப் பொருத்த முயன்றால் அருகிலுள்ள நரம்பு கெடலாம். துண்டினால் கையைத் தூளி கட்டி உடனே மருத்துவமனை சேர்க்கவேண்டும். எங்கே கட்டுப் போட்டிருப்பினும், விரல்கள் நீலநிறமாகி, மரத்து, வலி மிகுந்தால் கட்டு இறுகிவிட்டது என்று பொருள். அதனை அப்போதே தளர்த்தி மருத்துவரிடம் செல்லவேண்டும். விடியட்டும் என்று காத்திருந்து கையை இழந்தோர் உண்டு.

நம் உறுப்பினர் அரசு மருத்துவமனைக்குச் சென்றார். கயிற்றின் பிடியும் தாழ்த்தப்பட்டது. ஐப்பசியில் மூன்று சேலைகள், கார்த்திகையில் நான்கு, மார்கழியில் ஐந்து என்று பதிவேடு காட்டுகிறது. பழைய எட்டு இன்னும் வரவில்லை. தையிலோ பங்குனியிலோ அவர் வாய் திறந்திருந்தால் இவ்வளவு இழப்பு நேர்ந்திராது.

அவர் வாயை அடைத்தது வலியன்று, அச்சம். அவ்வச்சத்தை நீக்குதல் சங்கத்தின் கடமை. மூட்டு வலியை முதல் மாதத்திலேயே தெரிவிக்கும் உறுப்பினர்க்குப் பாவு நிறுத்தப்படமாட்டாது என்றும், குணமாகும் வரை அவரால் இயன்ற அளவு வேலை தரப்படும் என்றும் ஒவ்வொரு நிர்வாகக் குழுவும் தீர்மானம் நிறைவேற்றி, அதனை அறிவிப்புப் பலகையில் ஒட்டுமாறு கேட்டுக் கொள்கிறோம்.