ஒழுகும் கூரையும் உலவும் நம்பிக்கைகளும்

ஜொகூர் மாநிலத்தில், 1972-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட கெஜோரா எனப்படும் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே எழுப்பிய பண்டார் தெங்காராவில், நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால், கிருகஸ்தர்களின் பேச்சு அரசியலை விட்டுக் கூரைமேல் ஏறிவிடும். எந்த ஓடு உடைந்தது, யார் வந்து பூசினார், எத்தனை வெள்ளி வாங்கினார், பூசியும் ஏன் ஒழுகுகிறது என்று ஆண்டுதோறும் நடக்கும் இந்தச் சம்பாஷணையில் உண்மையைவிட நம்பிக்கையே அதிகம் உலவுகிறது என்பதும், நம்மவர் பணம் ஓட்டையை அடைப்பதற்குச் செலவாவதைவிட அந்த நம்பிக்கைகளுக்கே அதிகம் செலவாகிறது என்பதும் என் அபிப்பிராயம்.

"சீலிங்கில் கறை எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் மேலேதான் ஓட்டை" என்பது இவற்றுள் மிகப் பழையது. ஓட்டின் இடுக்கு வழியாகப் புகுந்த நீர், கைமரத்தைப் பற்றிக்கொண்டு சரிவின் போக்கிலேயே இறங்கி, வழியில் ஓர் ஆணியோ குறுக்குச் சட்டமோ தடுக்கும் இடத்தில்தான் சொட்டாக உதிர்கிறதாகையால், கறை தெரியும் இடத்துக்கும் நீர் புகும் இடத்துக்கும் பல அடி தூரம் இருப்பதில் ஆச்சரியமில்லை. புகும் இடமோ பெரும்பாலும் நடுக்கூரையில் இருப்பதில்லை. முகட்டோடுகளைப் பிணைக்கும் சாந்து வெயிலிலும் மழையிலும் மாறி மாறி அடிபட்டு மயிரிழைக் கோடாக வெடித்த இடம், இரண்டு சரிவுகள் கூடும் பள்ளத்துத் தகரத்தில் சருகு அடைத்து நீர் எதிர்த்து ஏறும் இடம், கூரை சுவரோடு சேரும் விளிம்பு, தகரக் கூரையானால் திருகாணியின் தலைக்கடியில் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து நொறுங்கிப்போன இடம் ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கண்டுபிடிக்கும் உபாயம் எளிது, பொறுமைதான் வேண்டும். மழையில்லாத நாளில் ஒருவர் ரப்பர் குழாயைப் பிடித்துக் கூரையின் கீழ் விளிம்பில் தொடங்கி, ஓரிடத்தைச் சில நிமிஷங்கள் நன்றாக நனைத்து, பிறகு ஒரு முழம் மேலே சென்று மறுபடி நனைத்து, இப்படிப் படிப்படியாக முகடு வரை ஏறிச்செல்ல, மற்றொருவர் சீலிங்குக்கு மேலே டார்ச் விளக்குடன் காத்திருந்தால், ஈரம் பளிச்சிடும் கணத்தில் குற்றவாளி அகப்பட்டுவிடுகிறான். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடுக்குகளும் ஒருங்கே நனைந்து, எது எதுவென்று விளங்காமல் போகும். கூரைமேல் ஏறுவது குடும்பத்தார் வேலையன்று. குத்தகையாளரையே செய்யச் சொல்லுங்கள். இந்தப் பரீட்சையைச் செய்யாமல் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தே விலை சொல்லுகிறவர், தம்முடைய அனுமானத்துக்கு விலை சொல்லுகிறார்.

கூரையே நிரபராதியாக இருப்பதும் உண்டு. நம் தாமான் வீடுகளில் தண்ணீர்த் தொட்டி சீலிங்குக்கு மேலேதான் இருக்கிறது; அதன் மிதவை பழுதடைந்து நீர் வழிந்தாலும், குளிர்சாதனத்தின் வடிகுழாய் அடைத்துக்கொண்டாலும், கறை அதே மஞ்சள் நிறத்தில்தான் படரும். பல நாள் மழையே இல்லாதபோதும் கறை வளர்கிறதென்றால், கூரைக்காரருக்கு முன்னால் குழாய் வேலைக்காரரைக் கூப்பிடுவதே விவேகம்.

"மேலே ஒரு கோட் பூசிவிட்டால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை" என்னும் விளம்பர வாக்கியத்தை நம்பியவர்கள் அநேகர். தட்டையான கான்கிரீட் தளத்தில், பழைய பூச்சைச் சுரண்டி, தளத்தை உலர்த்தி, வாட்டம் சரிசெய்து பூசிய நீர்த்தடுப்பு உழைக்கத்தான் செய்யும். வேலை முடிந்ததும் வடிகாலை அடைத்து, 24 மணி நேரத்துக்குக் குறையாமல் நீரைத் தேக்கிப் பார்ப்பது அதற்குரிய சோதனை. ஆனால் வெடித்த சாந்தின்மேலும் துருப்பிடித்த தகரத்தின்மேலும் சிலிக்கோனை அப்புவது, அடுத்த மழைக்காலம் வரை பிரச்சினையைக் கண்ணுக்கு மறைக்கிற வித்தையே தவிர நிவாரணமாகாது. வெடித்த சாந்தை உடைத்தெடுத்துப் புதிதாக வைப்பதும், வளையம் போன திருகாணிகளை மாற்றுவதும் பார்வைக்குப் பெரிய வேலையாகத் தோன்றா. அதனாலேயே அவற்றை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை.

இதற்கு நேர்மாறான கோஷ்டி, "அண்ணே, உள்ளே சட்டமெல்லாம் போச்சு, முழுசா மாத்திடுங்க" என்று வயிற்றைக் கலக்குவது. குளிர் தேசங்களில், கணப்பு அடுப்பின் புகைபோக்கிக்குள் பதித்த சுட்டமண் குழல் வெடித்துவிட்டால், உள்ளே எஃகுக் குழல் இறக்கிப் புதுப்பிப்பது பெருஞ்செலவுக் காரியம். அங்கேயும் வீட்டுக்காரர் தம் கண்ணால் பார்க்க முடியாத இடம் அதுவாகையால், பயமுறுத்திப் பணம் பறிப்போர் உண்டு. அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 211-ஆம் தரநிலை, வீடு கைமாறும்போது அந்தக் குழலுக்குள் காமிராவை இறக்கிச் சோதிக்கச் சொல்லுகிறது. அந்த நியாயம் நம் கூரைக்கும் பொருந்தும். இங்கே காமிரா ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. உளுத்த சட்டத்தைப் படம் பிடித்துக் காட்டாதவரிடம் முழுக் கூரையை ஒப்படைக்கக் காரணமே இல்லை.

பழைய வீடுகளில் அலையலையான சாம்பல்நிறத் தகடுகள் இருந்தால் மட்டும் சிக்கனத்தைச் சற்றே மறக்க வேண்டும். அது அஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார், கலந்த சிமெண்டாக இருக்கக்கூடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கல்நாரை ஐயத்துக்கிடமின்றிப் புற்றுநோய் விளைவிக்கும் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. உடையாமல் கிடக்கும் தகட்டால் அபாயம் சொற்பம். அதை ரம்பத்தால் அறுப்பதும், துளையிடுவதும், பாசியை நீர்ப்பீச்சியால் அடித்துக் கழுவுவதுமே நாரைக் காற்றில் கலக்கும் செய்கைகள். கழற்றித்தான் ஆகவேண்டுமென்றால், நனைத்து, உடைக்காமல், பழகினவர்களைக் கொண்டு முழுத் தகடாக இறக்கச் செய்யுங்கள். தோட்டத்து வாய்க்காலில் கொண்டுபோய்க் கொட்டுவது அண்டை அயலாருக்குச் செய்யும் துரோகம்.

இனிப் பணம். "நம்ம ஆள்தான், எழுத்து எதற்கு" என்பதைவிடச் செலவுமிக்க நம்பிக்கை வேறில்லை. எந்த இடம், என்ன சாமான், எத்தனை நாள், உத்தரவாதம் எதற்கு என்று எழுதிய கொட்டேஷனை இருவர் மூவரிடம் வாங்கி ஒப்பிட்டு, முன்பணத்தைச் சாமான் செலவளவோடு நிறுத்தி, ஒரு கணிசமான பகுதியை ஒரு பெருமழை கண்ட பிறகே கொடுப்பதென்று முதலிலேயே பேசிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. கட்டுமான வேலை எடுக்கும் குத்தகையாளர் சி.ஐ.டி.பி. என்னும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. பதிவைக் கேட்பது அவமதிப்பாகாது.

"இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்பாருக்கு ஒரு வார்த்தை: சாதாரணத் தீக்காப்புறுதி, நாட்பட்ட தேய்மானத்தால் வரும் ஒழுக்குக்கு ஈடு தராது. புதிய வீட்டை மேம்பாட்டாளரிடமிருந்து வாங்கியவரோ, சாவி பெற்ற 24 மாதங்களுக்குள் கூரை ஒழுகினால் கைப்பணத்தை எடுக்கவே வேண்டாம். எழுத்து மூலம் தெரிவித்த 30 நாட்களுக்குள் பழுதுபார்ப்பது மேம்பாட்டாளர் பொறுப்பு.

இத்தனைக்குப் பிறகும் ஏமாந்தால், "ஐயாயிரம் வெள்ளிக்கு வழக்கறிஞரிடம் போவதா" என்று வாய்மூடி இருந்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தையும் ரசீதையும் தேதியிட்ட படங்களையும் எடுத்துக்கொண்டு, 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் நடுவர் மன்றத்தில் மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். அங்கே 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை, கட்டணம் 5 ரிங்கிட்.