பொதுப்பணியிற் சமவாய்ப்பு

அரசு ஓர் அணை கட்டுகின்றது. ஆற்றின்மேற் பாலம் அமைக்கின்றது. நகரின் நடுவே மருத்துவமனை எழுப்புகின்றது. இவற்றிற்குச் செலவாகும் பொருள் வானத்தினின்று வீழ்வதன்று. உப்பும் துணியும் வாங்குவோன் முதல் பெருவணிகன் ஈறாக அனைவரும் வரியாகக் கொடுத்த பொருளே அஃது. கொடுத்தவர் எவரென வேறுபாடு காட்டாமல் வாங்கப்பட்ட பணத்தால் நடைபெறும் வேலையிலே, உழைக்க வருவோரிடம் மட்டும் வேறுபாடு காட்டுதல் முறையாகுமோ? ஆகாது என்று எவரும் விடை கூறுவர். ஆயினும் வாயால் ஒப்புக்கொள்ளப்பட்ட நியாயம் செயலால் மறுக்கப்படுதல் உலகில் அரிதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அது மறுக்கப்பட்ட வகையும், அதனை நிலைநாட்டச் சிலர் கண்ட வழியும் அறியத்தக்கன.

நெவாடா, அரிசோனா என்னும் இரு மாநிலங்களின் எல்லையிலே கொலராடோ என்னும் ஆறு ஆழ்ந்த மலையிடுக்கில் ஓடுகின்றது. அதனை மறித்து 726 அடி உயரமுள்ள ஹூவர் அணையைக் கட்டும் வேலை 1931ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அப்போது அந்நாடெங்கும் பெரும் பொருளாதார மந்தம் பரவியிருந்தது. வேலையிழந்தோர் மனைவி மக்களோடு பாலைவனத்திற்கு வந்து, கொதிக்கும் வெயிலிற் கூடாரமிட்டுத் தங்கி, இன்று அழைப்பர் நாளை அழைப்பர் என்று காத்திருந்தனர். முழுவதும் நடுவணரசின் பணத்தால் நடந்த வேலை அது. எனினும் அதன் ஒப்பந்தத்திலேயே மங்கோலிய இனத்தாரை வேலைக்கு அமர்த்துதல் கூடாது என்று எழுதப்பட்டிருந்தது. சீனரும் பிற ஆசியரும் இவ்வாறு எழுத்தாலேயே விலக்கப்பட்டனர். கறுப்பின மக்களைப்பற்றி எழுத்தில் ஒன்றுமில்லை. ஆனால் அவர்களை ஒருவரும் அழைக்கவுமில்லை. அவர்களுடைய சங்கங்கள் முறையிட்டு வாதாடிய பின்னரே, 1932ஆம் ஆண்டில் சிலர் சேர்க்கப்பட்டனர். வேலை மும்முரமாக நடந்த 1934ஆம் ஆண்டில் அங்கே உழைத்தோர் 5,000க்கு மேற்பட்டவர். அவருட் கறுப்பினத்தார் எக்காலத்தும் ஏறக்குறைய முப்பதின்மருக்கு மிகவில்லை. தொழிலாளர்க்கென அரசு அமைத்த போல்டர் நகரத்திற் குடியிருக்க அவர்களுக்கு இடமில்லை. லாஸ் வேகாஸ் நகரினின்று நாள்தோறும் நெடுந்தொலைவு வந்து திரும்பினர். அவர்கள் தண்ணீர் குடிக்கும் வாளியும் வேறாகவே இருந்தது. 1935ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அவ்வணையை நாட்டிற்கு உரிமையாக்கி உரையாற்றினார்.

இதற்கிடையே, 1933இல் நாடெங்கும் கட்டடப் பணிகளை நடத்துதற்கெனப் பொதுப்பணி ஆட்சியகம் ஒன்று நிறுவப்பட்டது. அதன் தலைவராகிய ஹாரோல்டு இக்கிஸ், இனவேறுபாடு காட்டலாகாது என்று ஆணையிட்டார். ஆணை நன்றே, பயன் யாது? “யான் வேறுபாடு காட்டவில்லை, தகுதியுடைய கறுப்பினத் தொழிலாளி ஒருவரும் வரவில்லை” என்று ஒப்பந்தக்காரர் கூறிவிட்டால், அதனைப் பொய்யென்று மெய்ப்பிப்பது எங்ஙனம்? உள்ளத்திற் கிடக்கும் எண்ணத்தை அளக்கும் கோல் உலகில் இல்லையன்றோ?

இம்முடிச்சை அவிழ்த்தவர் ராபர்ட்டு வீவர் என்னும் இளம் பொருளியலறிஞர். அவர் கண்ட வழி எளியது. 1930ஆம் ஆண்டின் குடிமதிப்புக் கணக்கில், இன்ன நகரிற் கறுப்பினக் கொத்தர் இத்தனைபேர், தச்சர் இத்தனைபேர் என்பது பதிவாகியிருந்தது. அக்கணக்கைக் கொண்டு, வீட்டுவசதிப் பணிகளிலே தேர்ந்த தொழிலாளர்க்குக் கொடுக்கும் கூலித்தொகையில் இத்தனை பங்கு கறுப்பினத்தாரைச் சேர்தல் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே வரையறுத்தனர். பங்கு குறைந்தால், வேறுபாடு காட்டப்பட்டதென்றே முதற்கண் கொள்ளப்படும். அவ்வாறன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு ஒப்பந்தக்காரரைச் சாரும். எண்ணத்தை அளக்க முயலாது கூலிக்கணக்கை அளந்தமையே இதன் நுட்பம். பழியைச் சுமத்துவோன் சான்று தேடி அலைவதற்கு மாறாக, பணம் பெறுவோன் கணக்குக் காட்ட வேண்டியவனானான். ஆயினும் இவ்வழிக்கும் ஓர் எல்லை இருந்தது. கட்டடம் முடிந்ததும் ஒப்பந்தமும் முடிந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் கதவும் மூடிக்கொண்டது. வீவர் பின்னாளில், 1966ஆம் ஆண்டில், அந்நாட்டின் அமைச்சரவையில் இடம்பெற்ற முதற் கறுப்பினத்தவர் ஆனார்.

கதவு எது என்பதை இங்கே விளக்குதல் வேண்டும். அக்காலத்து அமெரிக்க நகரங்களிற் கட்டட ஒப்பந்தக்காரர் தமக்கு வேண்டிய தொழிலாளரைப் பெரும்பாலும் தாமே தெருவில் தேடவில்லை. இரும்புக் கட்டுமானத்தார், குழாய்த் தொழிலாளர், மின்தொழிலாளர் எனத் தொழில்தோறும் தனித்தனிச் சங்கம் இருந்தது. ஒப்பந்தக்காரர் சங்க அலுவலகத்திற்குச் சொல்லியனுப்பினால், அங்கேயிருந்த பட்டியலின்படி ஆட்கள் வந்தனர். பட்டியலில் இடம்பெற வேண்டுமாயின் தொழில் பயிலுநராகச் சேர்ந்து நான்கைந்து ஆண்டுகள் பழக வேண்டியிருந்தது. பயிலுநராகச் சேர்வதற்கோ முன்னரே உறுப்பினராயிருந்தவரின் பரிந்துரை வேண்டியிருந்தது. உறுப்பினர் எவர்க்குப் பரிந்துரைப்பார்? தம் மகனுக்கும், தம்பிக்கும், மருமகனுக்குமே பரிந்துரைத்தார். “கறுப்பினத்தார்க்கு இடமில்லை” என்று எந்தப் பலகையிலும் எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை. தந்தை உள்ளே இருந்தாலன்றி மகன் உள்ளே வரவியலவில்லை. தந்தையோ உள்ளே விடப்பட்டவன் அல்லன்.

1961ஆம் ஆண்டிற் குடியரசுத் தலைவர் கென்னடி பிறப்பித்த ஆணையும், 1963இல் நடுவணரசின் உதவிபெறும் கட்டடப் பணிகளுக்கு அதனை விரித்த ஆணையும், 1965ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் ஜான்சன் பிறப்பித்த 11246ஆம் எண்ணுடைய ஆணையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வேறுபாடு காட்டாதிருத்தல் மட்டும் போதாது. சமவாய்ப்பு உண்டாகும்படி ஒப்பந்தக்காரர் முனைந்து செயலாற்றுதல் வேண்டும் என்பது இவற்றின் கருத்து.

ஆணைகள் எழுதப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. மிசிசிப்பி ஆற்றங்கரையிலே 630 அடி உயரமுள்ள எஃகு வளைவு ஒன்று பொதுப்பணத்தால் எழுந்துகொண்டிருந்தது. அதன் தேர்ந்த தொழிலாளருட் கறுப்பினத்தார் இல்லை. 1964ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் பெர்சி கிரீன் என்னும் கறுப்பினத்தவரும், ரிச்சர்டு டேலி என்னும் வெள்ளையினத்தவரும் கட்டுமான ஏணி வழியாக 125 அடி உயரம் ஏறி, ஏறக்குறைய நான்கு மணிநேரம் அங்கேயே இருந்தனர். இறங்கியதும் சிறைபிடிக்கப்பட்டனர். 1966ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அங்கே ஓர் ஒப்பந்தக்காரர் கறுப்பினக் குழாய்த் தொழிலாளரை அமர்த்தியபொழுது, ஏனைச் சங்கத்தார் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு வெளியேறினர். அதன்மேல் நடுவணரசே சங்கங்கள்மீது வழக்குத் தொடுத்தது. அரசின் ஆணையினும் சங்கத்தின் பட்டியல் வலியது என்பதனை அன்று நாடு கண்டது.

பின்னர் வந்ததே பிலடெல்பியாத் திட்டம். அந்நகரையும் சூழவுள்ள பகுதிகளையும் சேர்த்த ஐந்து மாவட்டங்களிலே கட்டடத் தொழிலாளரை எண்ணியபொழுது, நூற்றுக்கு ஏறக்குறைய முப்பதின்மர் சிறுபான்மை இனத்தவராயிருந்தனர். ஆனால் இரும்புக் கட்டுமானம், மின்வேலை, குழாய்வேலை, நீராவிக் குழாய்வேலை, தகட்டுவேலை, மின்தூக்கி அமைத்தல் என்னும் ஆறு தொழில்களில் மட்டும் நூற்றுக்கு ஒருவரளவே காணப்பட்டனர். மண் சுமக்கவும் கல் சுமக்கவும் முப்பதின்மர். உயர்ந்த கூலி பெறும் தொழிலில் ஒருவர்! இவ்வோர் எண்ணே அதுவரை மறைந்திருந்ததனை வெட்டவெளிச்சமாக்கிற்று எனலாம்.

1967இல் வகுக்கப்பட்ட முதல் திட்டம், ஏலத்தொகை கூறிய பின்னர்ப் புதிய கடமைகளைச் சுமத்துவதாயிருந்தமையின், அரசின் தலைமைக் கணக்காளரால் மறுக்கப்பட்டது. 1969ஆம் ஆண்டில் தொழிலாளர்துறையின் துணைச் செயலாளராயிருந்த ஆர்தர் பிளெட்சர் அதனைத் திருத்தி அமைத்தார். அவர் கறுப்பினத்தவர், போரிற் காயமுற்றவர், கால்பந்தாட்டத்திலே பெயர்பெற்றவர். அவர் திருத்திய திட்டத்தின்படி 5,00,000 டாலருக்கு மேற்பட்ட பணிகளில், ஒப்பந்தக்காரர் ஏலம் கூறும்பொழுதே, தாம் சேர்த்துக்கொள்ள முயலும் சிறுபான்மைத் தொழிலாளரின் விழுக்காட்டையும் குறித்தல் வேண்டும். இரும்புக் கட்டுமானத்தில் 1970ஆம் ஆண்டிற்கு நூற்றுக்கு 5 முதல் 9 வரை என்றும், 1973ஆம் ஆண்டில் 22 முதல் 26 வரை என்றும் இலக்கு படிப்படியாக உயர்த்தப்பட்டது. இலக்கை எட்டாதவர் உடனே தண்டிக்கப்படார். நேர்மையாக முயன்றமைக்குச் சான்று காட்டினாற் போதும். ஆனால் “சங்கம் அனுப்பவில்லை” என்று கூறித் தப்பித்தல் இயலாது.

எதிர்ப்பு இருபுறமும் எழுந்தது. இது பங்கீடேயன்றி வேறன்று. இனத்தை நோக்கலாகாது என்னும் 1964ஆம் ஆண்டுச் சட்டத்திற்கே மாறானது என்றனர் ஒருசாரார். சங்கத்தாரின் அச்சமும் எள்ளி நகையாடத்தக்கதன்று. கட்டட வேலை ஆண்டு முழுதும் கிடைப்பதன்று. பனிக்காலத்தில் வேலையின்றி இருப்போன் புதிதாய் வரும் ஒருவனைத் தன் இலையிற் கைவைப்பவனாகக் கருதுதல் இயல்பே. ஆனால் அவ்விலை எவர் பணத்தால் இடப்பட்டது என்பதே கேள்வி. அவ்வாண்டு டிசம்பரில் திட்டத்தைத் தடுக்கும் விதியொன்றைச் செனட் சபை ஏற்றது. மக்கட்பேரவையோ 208க்கு 156 என்னும் வாக்குகளால் அதனைத் தள்ளிற்று. ஒப்பந்தக்காரர் சங்கம் தொடுத்த வழக்கில், 1971ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மேன்முறையீட்டு நீதிமன்றம் திட்டம் சட்டத்திற்குப் பொருந்தியதே என்று தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை ஏற்க மறுத்துவிட்டது.

இலக்குகள் பிற நகரங்களுக்கும் பரவின. எனினும் சில நகரங்களில் சங்கங்களே விரும்பி ஏற்கும் உடன்பாடாக அவை மாற்றப்பட்டு வலியிழந்தன. 1978ஆம் ஆண்டிற் பெண்களுக்கும் இலக்கு வகுக்கப்பட்டு, பின்னர் நூற்றுக்கு 6.9 என்று நிலைபெற்றது. இயன்றவிடத்து ஒரு பணியிடத்தில் இரண்டு பெண்களையேனும் சேர்த்தே அமர்த்துக என்று விதி கூறிற்று. நூறு ஆடவரிடையே ஒருத்தி தனித்து நிற்கும் இன்னலை அறிந்தவர் எழுதிய விதி அது. ஆயினும் கட்டடக் கைத்தொழில்களிற் பெண்கள் நூற்றுக்கு ஐவரையும் எட்டாமலே பல்லாண்டுகள் கழிந்தன. ஆய்வாளர் சிலர், பணியிடங்களோ பல. ஒப்பந்தம் பறிக்கப்பட்டவர் மிகச் சிலரே.

ஏறக்குறைய அறுபதாண்டுகள் நிலவிய 11246ஆம் எண் ஆணையை 2025ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் குடியரசுத் தலைவர் டிரம்ப் நீக்கினார். 1964ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்படவில்லை. வேலை மறுக்கப்பட்டவர் அதன்படி முறையிடலாம். ஆனால் கணக்குக் காட்ட வேண்டியவர் ஒப்பந்தக்காரர் என்று வீவர் மாற்றிவைத்த சுமை, பெரும்பாலும் மீண்டும் வாயிலில் நிற்பவரின் தோளுக்கே வந்துள்ளது.