பிரேக்கை விட்டாலும் வீல் விடவில்லையா?

கேள்வி: 2009 மாடல் டாடா ஏஸ் வைத்திருக்கிறேன். கல்குவாரி ரோட்டிலும் பாலாற்றுத் தரைப்பாலத்திலும்தான் தினசரி ஓட்டம். சில நாட்களாக, பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் வண்டி இடதுபக்கம் இழுக்கிறது. இடது முன்வீலில் கருகிய வாடை. கிட்டே கை கொண்டுபோக முடியவில்லை. காலிப்பர் ஜாம், புதுசு போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். போட்டுவிடலாமா?
— வாசகர், வாலாஜாபாத்

பதில்: அவசரப்படாதீர்கள் ஐயா. குட்டி யானைக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிஸ்க் பிடித்துக்கொண்டாலே பழி காலிப்பர் மேல்தான் விழும். உண்மையான குற்றவாளி ரப்பர் ஹோஸாகவும் இருக்கலாம். வருஷக்கணக்கில் ஓடிய ஹோஸ் வெளியே பளிச்சென்று இருக்கும், உள்ளே ஊதி அடைத்திருக்கும். மிதிக்கும் வேகத்தில் ஆயில் போய்விடும். திரும்பி வர வழியிருக்காது.

வீல் பிடித்திருக்கும்போதே பாருங்கள். பின்வீலுக்குக் கட்டை போட்டு, முன்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், சூடான ஆயில் பீய்ச்சும். உடனே வீல் கையால் சுற்றினால் காலிப்பர் மேல் தப்பில்லை, ஹோஸை மாற்றுங்கள். இரண்டு முன்வீலும் சேர்ந்து பிடித்தால் மாஸ்டர் சிலிண்டரையும் பெடல் பிளேயையும் பார்க்க வேண்டும்.

நிப்பிளைத் திறந்தும் அசையவில்லையென்றால்தான் காலிப்பரைக் கழற்ற வேண்டும். அதை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். கிரஷர் தூசியும் ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்து முதலில் இறுக்குவது ஸ்லைடிங் பின்களைத்தான். துரு சுரண்டி, சிலிக்கான் கிரீஸ் தடவினால் பெரும்பாலும் சரியாகும். சாதாரண கிரீஸும் டீசலும் பட்டால் ரப்பர் ஊதிவிடும். பிஸ்டனில் துருக்குழி விழுந்திருந்தால் எமரி பேப்பர் போட்டுத் தேய்க்க வேண்டாம். அந்தக் குழி புது சீலையும் கிழிக்கும். அப்போது காலிப்பரை மாற்றுவதே நியாயம். பேடை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி தாங்க வேண்டும்; ஈரம் ஏறினால் அது 140 வரைக்கும் இறங்கலாம். பிடித்த வீலின் சூட்டில் கொதித்துவிட்டால் பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. ஆகவே ஆயிலை முழுவதும் மாற்றி ஏர் எடுங்கள். காலி வண்டியாக ஓட்டி, இரு முன்வீலும் ஒரே அளவு சூடாகிறதா என்று பார்த்த பிறகே லோடு ஏற்றுங்கள். அதுவரை ஒரு நடைகூட வேண்டாம்.