மிஞ்சி நிற்கும் 23.46 சென்ட்

ஷட்ஜத்துக்கு ஒரு பஞ்சமம், அந்தப் பஞ்சமத்தையே ஷட்ஜமாக வைத்து அதற்கொரு பஞ்சமம் என்று பன்னிரண்டு முறை ஏறினால், ஏழு ஸ்தாயி மேலே மறுபடியும் ஷட்ஜத்தில் போய் நிற்க வேண்டும். நிற்பதில்லை; கொஞ்சம் தாண்டிவிடுகிறது. பிதாகரஸ் கமா என்று பெயர் பெற்ற அந்த மிச்சத்தை யாராலும் ஒழிக்க முடியாது. எங்கே ஒதுக்கி வைப்பது என்பதை மட்டும்தான் தீர்மானிக்க முடியும். இந்தக் கணக்கில் இறங்க நினைக்கும் இசை மாணவர்களுக்காகச் சில குறிப்புகள்.

செய்ய வேண்டியவை

• முதல் கணக்கைக் கையால் போடுங்கள். பஞ்சமத்தின் விகிதம் 3/2. அதைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.746. ஏழு ஸ்தாயிக்கு 2-ஐ ஏழு முறை பெருக்க வேண்டும்: 128. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.01364, சென்ட்டில் 23.46. ஏன் பொருந்தவில்லை என்பதும் அப்போதே விளங்கிவிடும். 3-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் ஒற்றைப்படை, 2-ஐப் பெருக்கினால் இரட்டைப்படை. இரண்டும் ஒருநாளும் சமமாகாது. 53 பஞ்சமம் ஏறினால் 31 ஸ்தாயிக்கு மிக நெருங்கி வரலாம், அப்போதும் 3.6 சென்ட் மிஞ்சும்.

• இடைவெளிகளைக் கூட்ட விகிதங்களைப் பெருக்குங்கள், கழிக்க வகுங்கள். நான்கு பஞ்சமம் ஏறி இரண்டு ஸ்தாயி இறங்கினால் கிடைக்கும் காந்தாரம் 81/64. இயல்பான அந்தர காந்தாரம் 5/4, அதாவது 80/64. நடுவே உள்ள 81/80 இன்னொரு கமா.

• விடையைச் சென்ட்டில் எழுதுங்கள். அலெக்ஸாண்டர் எல்லிஸ் 1885-இல் வெளியிட்ட அளவு இது. ஒரு ஸ்தாயி 1200 சென்ட். விகிதத்தின் மடக்கையை 2-இன் மடக்கையால் வகுத்து 1200-ஆல் பெருக்கினால் போதும்.

• காதால் சரிபாருங்கள். ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கிச் சுருதி வைத்த ஹார்மோனியத்தில், ஒரு கட்டை ஷட்ஜத்தையும் அந்தர காந்தாரத்தையும் சேர்த்து அழுத்துங்கள். ஷட்ஜம் 261.63 ஹெர்ட்ஸ் என்றால் அதன் ஐந்து மடங்கு மேற்சுரம் 1308.1. காந்தாரம் 329.63, அதன் நான்கு மடங்கு 1318.5. இரண்டும் உரசி வினாடிக்குப் பத்து விம்மல் எழும். அதே ஷட்ஜத்தோடு பஞ்சமத்தை அழுத்தினால் வினாடிக்கு ஒன்றுகூட முழுசாக வராது.

பிறகு தம்பூராவுக்கு வாருங்கள். பிருடையைத் திருகித் தோராயமாகச் சேர்த்து, மணிக்காயை மயிரிழை நகர்த்தி, ஜீவாளியைக் குதிரையில் சரியான இடத்தில் நிறுத்தினால், மந்தர ஷட்ஜத் தந்தியிலிருந்து யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் எழுந்து வரும். அது சரியாக 5/4. ஹார்மோனியத்தின் காந்தாரம் அதைவிட 13.7 சென்ட் உயரம். இந்தக் கணக்கு முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். இதைக் கேட்காமல் மேலே போகாதீர்கள்.

செய்யக்கூடாதவை

• ஹெர்ட்ஸைக் கழித்து இடைவெளி என்று சொல்லாதீர்கள். பிதாகரஸ் கமா ஒரு கட்டை ஷட்ஜத்தில் 3.6 ஹெர்ட்ஸ், ஒரு ஸ்தாயி மேலே 7.1.

• நடுவழியில் தசமத்தை வெட்டாதீர்கள். சம பங்கீட்டில் பஞ்சமம் 1.4983. அதை 1.5 என்று எழுதிவிட்டால், பன்னிரண்டாகப் பங்கிட்ட கமா முழுசாகத் திரும்பி வந்துவிடும்.

• இரண்டு கமாவையும் குழப்பாதீர்கள். பஞ்சமம் ஏறி வந்தது 23.46 சென்ட், 81/80 என்பது 21.51. வித்தியாசம் 1.954 சென்ட்; ஸ்கிஸ்மா என்பார்கள். 23.46-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 1.955. இரண்டும் ஒன்றே என்று தோன்றும்; ஆனால் ஸ்கிஸ்மா 32805/32768 என்ற பின்னம், மற்றதைப் பின்னமாக எழுதவே முடியாது.

• சம பங்கீட்டைப் பிழை என்று தள்ளாதீர்கள். ஐரோப்பியர் கையாண்ட கால் கமா முறை, பதினொரு பஞ்சமங்களில் 5.4 சென்ட் குறைத்துக் காந்தாரத்தைத் தூய்மையாக்கியது. மிச்சம் முழுவதும் பன்னிரண்டாவதில் குவிந்து, அது 36 சென்ட் அளவுக்குப் பெருத்து ஊளையிட்டது. ஓநாய் என்றே பெயர் வைத்தார்கள். சீனாவில் மிங் இளவரசர் சூ சாய்யூ 1584-இலேயே சம பங்கீட்டைத் துல்லியமாகக் கணக்கிட்டார். எந்தச் சுருதியிலும் வாசிக்க வேண்டிய வாத்தியத்துக்கு அது நியாயமான வழி. கச்சேரி முழுவதும் ஒரே ஷட்ஜத்தில் நிற்பவருக்கு அந்த விட்டுக்கொடுப்பு தேவையில்லை.

• எல்லா ஸ்வரத்துக்கும் பின்னம் தேடாதீர்கள். 22 சுருதி என்பார்கள்; ஆபிரகாம் பண்டிதரோ 1917-இல் வெளியான கருணாமிர்த சாகரத்தில் 24 சம பங்கு என்று வாதாடினார். இரண்டு தரப்பையும் படிக்க வேண்டும். ஆனால் தோடியின் காந்தாரம் கமகத்தில் ஆடும்போது எந்தப் பின்னத்திலும் நிற்பதில்லை. அங்கே அளக்க வேண்டியது அசைவு எதுவரை போய் எதுவரை திரும்புகிறது என்பதை.

• ட்யூனர் செயலியின் முள் நடுவில் நின்றால்தான் சரி என்று எண்ணாதீர்கள். பெரும்பாலும் அது சம பங்கீட்டுக்கே அமைக்கப்பட்டிருக்கும். ஷட்ஜத்தை நடுவில் நிறுத்திவிட்டால், தூய பஞ்சமம் 2 சென்ட் கூடுதலாகவும் அந்தர காந்தாரம் 14 சென்ட் குறைவாகவும் காட்டும். அங்கேயே விட்டுவிடுங்கள்.